தலைப்பில் மட்டும் தற்காலிகம்

கேள்வி: பயங்கரவாதமும் அரசியல் அலையும் குற்றவியல் நீதியையும் தண்டனையையும் எப்படி மாற்றுகின்றன?

திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியிடம் சில வருடம் எழுதுவினைஞராக இருந்தேன். சட்டம் படித்தவன் இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து கண்டதைச் சொல்கிறேன்.

எல்லாரும் எத்தனை வருடத் தண்டனை என்றுதான் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால், விஷயம் அதற்கு வெகு முன்னாலேயே வாக்குமூலத்தில் முடிந்துவிடுகிறது. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டப்படி, பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. வெள்ளைக்காரனுக்கே தன் பொலிஸில் அவ்வளவு நம்பிக்கை! 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்ட ஒருவர் முன்னால் கொடுத்தால் செல்லும். அடித்து வாங்கினார்கள் என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் அடிவாங்கியவர்.

ஒருநாள் ஓர் அம்மா ஷொப்பிங் பையிலிருந்து மகனின் வாக்குமூலப் பிரதியை எடுத்து நீட்டினார். ஏழெட்டுப் பக்கம், முழுக்கச் சிங்களம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தமிழில் அவன் கையெழுத்து. "தம்பி, இதில என்ன எழுதிக் கிடக்கு?" என்றார். எனக்கும் சிங்களம் அரைகுறைதான். ஐயா கோர்ட்டிலிருந்து வரும்வரை இரண்டு பேரும் வாங்கில் பேசாமல் இருந்தோம்.

மூன்று வருடத்துக்கு என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். 'தற்காலிக ஏற்பாடுகள்' என்பது தலைப்பில் மட்டும் மிஞ்சியது. அப்புறம் அலைக்கு அலை ஆட்கள்தான் மாறினார்கள். முதலில் தமிழ்ப் பெடியள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு முஸ்லிம்கள். 2020இல் தமிழில் கவிதை எழுதிய ஓர் இளம் ஆசிரியரையும் பிடித்தார்கள். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2022இல் அரசுக்கு எதிரான போராட்டத்தில் முன்னின்ற சிங்கள மாணவர் தலைவர்கள். அதே வருடம் திருத்தம் ஒன்று வந்து, தடுப்புக் காவலின் உச்ச எல்லை 18 மாதத்திலிருந்து 12 ஆனது. வாக்குமூலப் பிரிவில் கைவைக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து மிருசுவிலில் தமிழ்ப் பொதுமக்களைக் கொன்றதற்கு 2015இல் மரண தண்டனை பெற்ற இராணுவச் சார்ஜன்ட்டின் தீர்ப்பை உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஆட்சி மாறியது, 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார்.

எங்கள் ஊர்க் கதை இன்னொன்று. 2006 ஜனவரி 2ஆம் திகதி, கடற்கரையில் காந்தி சிலைக்குக் கிட்ட ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் பொலிஸின் விசேட அதிரடிப் படையினர் உட்பட 13 பேரையும் 2019 ஜூலையில் சாட்சியம் போதாதென்று நீதவான் விடுவித்தார். உயிர்த்த ஞாயிறு கழிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்தக் குண்டுவெடிப்புக்காகச் சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவர்கள் அப்போதும் உள்ளேதான் இருந்தார்கள். மாணவர்கள் வழக்கிலோ, சாட்சி சொல்லவேண்டியவர்களில் சிலர் பயத்தில் எப்போதோ நாட்டைவிட்டே போயிருந்தார்கள்.