எடப்பாடியின் வெற்றியும் தோல்வியும்: ஒரு தொகுதியின் கணக்கு (கேள்வி பதில்)

சேலம் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச்சாவடிப் பணிக்குச் சென்றவன் நான். ஓய்வு பெற்ற பின்பும் தேர்தல் முடிவுகளைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் விடவில்லை. எடப்பாடி கே. பழனிசாமியின் சட்டமன்ற வாழ்க்கையைப் பற்றி, 2021 தேர்தல் வரையிலான காலத்துக்குள், நம் குழு உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கொங்கணாபுரம்: ஐயா, வணக்கம். அவர் முதன்முதலில் இரட்டை இலைச் சின்னத்தில் நின்றுதான் வென்றார் என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். என் மாமனார் மட்டும் சேவல் சின்னம் என்கிறார். எது சரி?

உங்கள் மாமனார் சொல்வதே சரி, அம்மா. எம்.ஜி.ஆர். மறைந்த பின் அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்து, இரட்டை இலை முடக்கப்பட்டிருந்த நிலையில், 1989 ஜனவரியில் நடந்த தேர்தலில் ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் ஜானகி அணி இரட்டைப் புறா சின்னத்திலும் போட்டியிட்டன. தி.மு.க.வும் காங்கிரசும் எதிரே நின்றதால் பெரும்பாலான தொகுதிகளில் நான்கு முனைப் போட்டி. மாநிலம் முழுவதும் ஜெயலலிதா அணி வென்றது 27 இடங்களை மட்டுமே. அந்த 27-இல் ஒன்று எடப்பாடி. வாக்கு வித்தியாசம் 1,364. கட்சி பிளவுபட்டு, ஆட்சி கைநழுவிய ஆண்டில் கிடைத்த இந்தச் சிறிய வெற்றியை நான் மிகவும் முக்கியமானதாகக் கருதுகிறேன். ஜெயலலிதாவின் பக்கம் தொடக்கத்திலிருந்தே நின்றவர் என்ற அடையாளம் அவருக்கு அங்கேதான் கிடைத்தது.

ஓமலூர்: 1991-இல் மீண்டும் வென்றவர் அதன் பிறகு இருபது ஆண்டுகள் சட்டமன்றத்துக்குள் நுழையவே முடியவில்லையே, என்ன காரணம்? மக்கள் வெறுத்தார்களா?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் எழுத வேண்டும். வெறுப்பு என்ற ஒற்றைச் சொல்லில் இதை அடக்க முடியாது. அந்த இருபது ஆண்டுகளையும் கூட்டணிப் பட்டியலோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

எடப்பாடி, மேட்டூர், தாரமங்கலம் வட்டாரங்களில் வன்னியர் வாக்குகள் பெருமளவில் இருப்பதும், 1989-இல் பாட்டாளி மக்கள் கட்சி தொடங்கப்பட்ட பின் அந்த வாக்குகளில் கணிசமான பகுதி அதன் பின்னால் திரண்டதும் ஊரறிந்த செய்தி. 1991-இல் பா.ம.க. தனித்து நின்றது, ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் எழுந்த அலையில் அ.தி.மு.க., காங்கிரஸ் கூட்டணி மாநிலத்தையே அள்ளியதால் பழனிசாமியும் கரையேறினார். 1996-இல் அலை நேர் எதிராகத் திரும்பியது. அ.தி.மு.க. மாநிலம் முழுவதும் 4 இடங்களில்தான் வென்றது. பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். அந்த ஆண்டு எடப்பாடியில் தி.மு.க. வெல்லவில்லை என்பதைக் கவனியுங்கள், வென்றவர் பா.ம.க.வின் ஐ. கணேசன். அக்கட்சி அப்போது மாநிலம் முழுவதும் பெற்ற 4 இடங்களில் எடப்பாடியும் ஒன்று. தொகுதி யாருடைய கோட்டையாக மாறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1998 மக்களவைத் தேர்தலில் பா.ம.க., ம.தி.மு.க., பா.ஜ.க. ஆகியவை அ.தி.மு.க. கூட்டணிக்கு வந்தன, பழனிசாமி திருச்செங்கோட்டில் வென்று நாடாளுமன்றம் சென்றார். மறு ஆண்டே மக்களவை கலைந்து, 1999-இல் இதே மூன்று கட்சிகளும் தி.மு.க.வோடு சேர்ந்தன; திருச்செங்கோட்டில் ம.தி.மு.க.வின் மு. கண்ணப்பனிடம் அவர் தோற்றார். 2001-இல் பா.ம.க. மறுபடியும் அ.தி.மு.க. பக்கம் வந்தது. ஆனால் அந்த நட்பே அவருக்கு இழப்பாக முடிந்தது. எடப்பாடி பா.ம.க.வுக்கு ஒதுக்கப்பட்டு கணேசன் மறுபடி வென்றார். தம் கட்சி ஆட்சியைப் பிடித்த தேர்தலில் பழனிசாமிக்குத் தம் சொந்தத் தொகுதியில் நிற்கவே வழியில்லாமல் போயிற்று. 2004-இல் பா.ம.க. எதிரணியில் இருந்தது, திருச்செங்கோட்டில் சுப்புலட்சுமி ஜெகதீசனிடம் தோல்வி. 2006-இலும் எதிரணியில் இருந்தது, எடப்பாடியில் பா.ம.க.வின் வி. காவேரியிடம் தோல்வி.

இந்தத் தோல்விகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் தனிப்பட்ட செல்வாக்கைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஆனால் இரண்டு கட்சிகள் ஒரு மேசையில் உட்கார்ந்து போடும் ஒப்பந்தம், அவர் ஐந்தாண்டு காலம் வீடு வீடாகச் சென்று சேர்த்த வாக்குகளை ஒரே இரவில் கூட்டவோ கழிக்கவோ முடியும். இத்தனை தோல்விக்குப் பிறகும் வேறு மாவட்டத்தில் பாதுகாப்பான தொகுதி தேடிப் போகாமல், 2011-இல் மறுபடி எடப்பாடியிலேயே நின்றதைத்தான் அவர் அரசியல் வாழ்வின் துணிவான முடிவாக நான் மதிக்கிறேன்.

ஜலகண்டாபுரம்: உங்கள் கூட்டணிக் கணக்குப்படி பார்த்தால் 2011-இல் அவர் தோற்றிருக்க வேண்டுமே? அப்போதும் பா.ம.க. தி.மு.க.வோடுதானே இருந்தது?

சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள், தம்பி. 2011-இல் என் கணக்கு உடைகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதிரே நின்றவர் பா.ம.க.வின் மு. கார்த்தி, தி.மு.க., காங்கிரஸ் வாக்குகள் முழுவதும் அவருக்குச் சேர வேண்டியவை. ஆனாலும் பழனிசாமி 1,04,586 வாக்குகள் பெற்று 34,738 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மின்வெட்டும் அலைக்கற்றை வழக்கும் அன்றைய ஆளுங்கட்சி மீது உண்டாக்கிய கோபம், 2006-இல் தனித்து நின்று வாக்குகளைப் பிரித்த விஜயகாந்தின் தே.மு.தி.க. இம்முறை அ.தி.மு.க. அணியில் இருந்தது ஆகிய இரண்டும் சேர்ந்தன.

மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2008 தொகுதி மறுவரையறையில் தாரமங்கலம் என்ற சட்டமன்றத் தொகுதியே இல்லாமற்போய், சுற்றியுள்ள தொகுதிகளின் எல்லைகள் மாறின. ஆகவே 2006-இன் எடப்பாடியும் 2011-இன் எடப்பாடியும் பெயரில் ஒன்றே தவிர, நிலப்பரப்பில் ஒன்றல்ல. அந்த எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது தவறு. பத்திரிகைகளே இந்தத் தவற்றைச் செய்கின்றன.

அம்மாப்பேட்டை: 2016, 2021 தேர்தல்களின் வித்தியாசத்தை மட்டும் சொல்லுங்கள்.

2016-இல் பழனிசாமி 98,703, பா.ம.க.வின் ந. அண்ணாதுரை 56,681, வித்தியாசம் 42,022. 2021-இல் பழனிசாமி 1,63,154; தி.மு.க.வின் த. சம்பத்குமார் 69,352, வித்தியாசம் 93,802. முதல் தேர்தலில் பா.ம.க. தனித்து நின்றது, அடுத்ததில் அ.தி.மு.க. அணியில் இருந்தது என்பதை அருகில் எழுதி வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பாருங்கள்.

சூரமங்கலம்: நம்பிக்கை வாக்கெடுப்பில் 122 பேர் ஆதரித்தார்கள் என்கிறார்கள். பிறகு 18 பேரின் பதவி பறிபோயும் ஆட்சி எப்படி நிலைத்தது? இந்தக் கணக்கு இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பொறுமையாகப் பார்ப்போம். ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்தார். அடுத்து முதலமைச்சரான ஓ. பன்னீர்செல்வம் 2017 பிப்ரவரியில் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்வான வி.கே. சசிகலாவுக்கு எதிராக சொத்துக் குவிப்பு வழக்கில் பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும், கூவத்தூர் விடுதியில் தங்கியிருந்த அ.தி.மு.க. உறுப்பினர்கள் பழனிசாமியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் 16 அன்று பதவியேற்று, 18 அன்று சட்டமன்றத்தில் நம்பிக்கை கோரினார். ஆதரவு 122, எதிர்ப்பு 11. இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. தி.மு.க. உறுப்பினர்கள் அவைக் காவலர்களால் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். காங்கிரஸ் வெளிநடப்புச் செய்திருந்தது. 1988 ஜனவரியில் ஜானகி அம்மையார் நம்பிக்கை கோரிய நாளில் நடந்த அமளியை அறிந்த என் போன்றவர்களுக்கு அன்றைய காட்சி மிகுந்த வருத்தம் தந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் எதிர்க்கட்சி இல்லாத அவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடப்பது நல்ல முன்மாதிரி அல்ல என்பது என் உறுதியான கருத்து.

இனி கணக்கு. அதே ஆண்டு ஆகஸ்டு 21 அன்று பன்னீர்செல்வம் அணி திரும்பி வந்து இணைந்தது. மறுநாளே டி.டி.வி. தினகரன் பக்கம் நின்ற 19 உறுப்பினர்கள் முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் பின்வாங்க, மற்ற 18 பேரையும் பேரவைத் தலைவர் ப. தனபால் செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்தார். (தனபால் நம் சங்ககிரியில் பலமுறை வென்றவர் என்பதை இளையவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.) தகுதி நீக்கம் நடந்ததும் அவையின் மொத்த எண்ணிக்கை குறைந்தது, பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணிக்கையும் அதோடு குறைந்தது. எதிராக வாக்களிக்கக்கூடிய 18 பேர் அவையிலேயே இல்லை. ஆட்சி நிலைத்ததன் முழு விளக்கமும் இதுதான். அவர்கள் தொடர்ந்த வழக்கில் முதலில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு அளித்தார்கள். பின்னர் மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றார்.

உண்மையான சோதனை 2019-இல்தான் வந்தது. 22 தொகுதிகளின் இடைத்தேர்தலில் தி.மு.க. 13-இல் வென்றது, அ.தி.மு.க. 9-இல் வென்று பெரும்பான்மையைத் தக்கவைத்துக்கொண்டது. நமக்குப் பக்கத்து மாவட்டமான தருமபுரியின் பாப்பிரெட்டிப்பட்டியும் அரூரும் அந்த ஒன்பதில் அடங்கும். அப்போது பா.ம.க. அ.தி.மு.க. கூட்டணியில் இருந்தது. 1996 முதல் எடப்பாடிக்காரரைத் துரத்திய அதே கணக்கு, 2019-இல் அவருடைய ஆட்சியைக் காப்பாற்றியது.

வாழப்பாடி: ஏற்காடு தொகுதிக்கும் ஒரு கேள்வி வைக்கலாமா? 2013 இடைத்தேர்தலைப் பற்றி எழுதுங்கள்.

வைக்கலாம், நான் தேர்தல் பணிக்குச் சென்ற இடம் என்பதால் எனக்கு நெருக்கமான கேள்வியும்கூட. ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. மறுவரையறைக்குப் பின் தமிழ்நாட்டில் அத்தகைய தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. பெயர் மலையுடையது என்றாலும், உங்கள் வாழப்பாடி போன்ற அடிவாரப் பகுதிகளும் இதில் சேரும் என்பதால், சேர்வராயன் மலைமேல் மட்டும் பிரசாரம் செய்து எவராலும் வெல்ல முடியாது.

1989, 1991, 2011 ஆகிய மூன்று தேர்தல்களில் வென்ற அ.தி.மு.க.வின் செ. பெருமாள் 2013 ஜூலையில் காலமானார். டிசம்பர் 4 அன்று நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மனைவி பெ. சரோஜா 1,42,771 வாக்குகளும் தி.மு.க.வின் வெ. மாறன் 64,655 வாக்குகளும் பெற்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம் ‘மேற்கண்ட எவருமில்லை’ என்ற பொத்தானுக்கு உத்தரவிட்டிருந்தது. தமிழ்நாட்டில் அது முதன்முதலில் பொருத்தப்பட்டது இந்தத் தேர்தலில்தான். 4,431 பேர் அதை அழுத்தினார்கள். மலைக்கிராமச் சாவடி ஒன்றில் வயதான அம்மா ஒருவர் என்னிடம் வந்து, “இந்தக் கடைசிப் பொத்தானுக்கு ஆள் யாரு சார்?” என்று கேட்டது இன்றும் நினைவில் இருக்கிறது. ஆள் யாரும் இல்லை என்பதுதான் அதன் பொருள் என்று விளக்கியதும் அவர் சற்று யோசித்துவிட்டு உள்ளே போனார்.

அஸ்தம்பட்டி: சேலம் மண் தந்த முதல் முதலமைச்சர் பழனிசாமி என்று சொல்லலாமா?

சொற்களைக் கவனமாகப் பயன்படுத்தினால் சொல்லலாம். இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் குமாரமங்கலம் அன்று சேலம் மாவட்டம். அந்த ஊர் ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தார். இராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். இங்கேதான் வழக்கறிஞர் தொழில் செய்தார். ஆனால் 1952-இல் முதலமைச்சரானபோது அவர் மக்களிடம் வாக்குக் கேட்டு வரவில்லை. மேலவைக்கு நியமிக்கப்பட்டே வந்தார். இன்றைய சேலம் மாவட்டத்தின் ஒரு சட்டமன்றத் தொகுதியில் மக்கள் வாக்கால் வென்று முதலமைச்சரானவர் என்று சொன்னால், அது பழனிசாமிக்கே பொருந்தும்.

தாரமங்கலம்: 2021-இல் ஆட்சி போனபோதும் சேலம் மாவட்டம் மட்டும் அவர் பக்கம் நின்றதற்கு வன்னியர் உள் ஒதுக்கீடுதான் காரணமா?

ஒரு காரணம் என்பேன். ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். மாவட்டத்தின் 11 தொகுதிகளில் சேலம் வடக்கு மட்டுமே தி.மு.க.வுக்குக் கிடைத்தது, மீதி 10-இல் அ.தி.மு.க. எட்டும் பா.ம.க. இரண்டும் பெற்றன. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் வன்னியருக்கு 10.5 விழுக்காடு தரும் உள் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியது 2021 பிப்ரவரி 26 அன்று. தேர்தல் அட்டவணை வெளியானதும் அதே நாளில். (அச்சட்டத்தைப் பின்னர் உயர் நீதிமன்றம் நீக்கியது, உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.) அந்தச் சட்டம் மட்டுமே காரணம் என்றால் வட மாவட்டங்கள் முழுவதும் இதே விளைவு தெரிந்திருக்க வேண்டும், அங்கே அப்படி நடக்கவில்லை. மேட்டூர் அணையின் உபரி நீரை வறண்ட ஏரிகளுக்குக் கொண்டு செல்லும் திட்டமும், நம் மாவட்டத்துக்காரர் முதலமைச்சராக இருக்கிறார் என்ற எண்ணமும் இங்கே வாக்காக மாறின என்றே நினைக்கிறேன்.

சேலம் அரசு கலைக் கல்லூரி மாணவர்: சாவடி வாரியாக இதை ஆய்வு செய்ய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம், ஐயா?

தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20 கிடைக்கும். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகள் அதில் இருக்கும். தபால் வாக்குகள் தனியாகக் காட்டப்பட்டிருக்கும். அவற்றைச் சாவடிக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். 1989, 1991, 1996 தேர்தல்களுக்கு இந்த முறையில் போக முயல வேண்டாம். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் முறை இருந்தது. 2011, 2016, 2021 ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் தொகுதி எல்லை ஒன்றே, மூன்றிலும் வேட்பாளர் ஒருவரே, பா.ம.க. மட்டும் ஒருமுறை எதிரணியிலும், ஒருமுறை தனித்தும், ஒருமுறை உடனும் நின்றிருக்கிறது. சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும் என்பதால் எண்ணை நம்பாமல் பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்துப் பொருத்துங்கள். முதலில் நங்கவள்ளிப் பக்கத்துச் சாவடிகளை முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். என் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.