முடி, தோல், நகம்: நாற்பதுக்கு மேல் சத்து மாத்திரை தேவையா? கேளுங்கள்

நான் மருந்தாளுநர். 22 வருடமாகச் சிங்கப்பூரில் ஒரு பேட்டை மருந்துக்கடையில் வேலை. தோல் மருத்துவர் இல்லை, அதனால் தலையைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். மாத்திரை பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

யீஷூன், பெண், 46: ஒரு மாதமாகக் குளிக்கும்போது முடி கொத்தாகப் போகிறது. தோழி பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடச் சொல்கிறாள். வாங்கலாமா?

அவசரப்படாதீர்கள் அக்கா. இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் டெங்கி, கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, திடீர் எடைக்குறைப்பு ஏதாவது உண்டா? அதன் பலன் இப்போதுதான் தெரியும். முடி அப்படித்தான், தாமதமாகக் கொட்டும். அதற்குள் காய்ச்சலை நாமே மறந்திருப்போம். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாருக்கும் உண்டு. மூன்று நாளுக்கு ஒருமுறை தலைக்குக் குளித்தால் மூன்று நாள் முடியும் ஒன்றாக வந்து அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது மாதவிலக்கு. இந்த வயதில் பலருக்கு அதிகமாகப் போகும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். பாலிகிளினிக்கில் அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின், தைராய்டு இரண்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது பயோட்டின். இது ஒரு பி வகை வைட்டமின். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். உங்கள் தோழி சொல்வது அதைப் போல 333 மடங்கு. முட்டை, வேர்க்கடலை சாப்பிடும் வீட்டில் இந்தக் குறை வருவது அபூர்வம். குறையே இல்லாதவருக்கு முடி வளர்க்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது.

‘மிச்சம் சிறுநீரில் போய்விடும்தானே’ என்பார்கள். போகும், ஆனால் அதற்குமுன் ரத்தப் பரிசோதனையைக் குழப்பிவிடும். ஒருமுறை ஒரு அம்மா கை நடுங்க ஒரு முடிவுத்தாளை நீட்டினார். தைராய்டு தாறுமாறாக ஏறியிருப்பதாக அதில் இருந்தது. ஆனால் அவருக்குப் படபடப்பும் இல்லை, எடை குறையவும் இல்லை. ‘வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்டதும் கைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார். லேபிளில் முடி, தோல், நகம் மூன்றுக்கும் என்று போட்டிருந்தது. பயோட்டின் 5000. மருத்துவரிடம் சொல்லி, நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் அளவையும் இது குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017லேயே எச்சரித்தது. ஆகவே பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், சாப்பிட்டதையும் சொல்லுங்கள்.

தெம்பனிஸ், ஆண், 52: உச்சியில் வழுக்கை. எந்தச் சத்து மாத்திரை நல்லது?

எதுவும் இல்லை. அது பரம்பரையும் ஹார்மோனும் செய்யும் வேலை. தடவுவதற்கு மினாக்சிடில் என்ற மருந்து உண்டு, ஃபினாஸ்டரைடு மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். அவரிடம் பேசுங்கள்.

ஜூரோங் வெஸ்ட், பெண், 49: கொலாஜன் பொடி குடித்தால் தோல் சுருக்கம் போகுமா? நாங்கள் சைவம்.

சைவம் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கொலாஜன் ஒரு புரதம், மீன், மாடு, பன்றி இவற்றின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. ‘தாவரக் கொலாஜன்’ என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது வைட்டமின் சியும் அமினோ அமிலமும்தான். கொய்யா வாங்குங்கள்.

தேக்கா, ஆண், 58: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பொடிக்கு 70 வெள்ளி எதற்கு? ஆட்டுக்கால் சூப்பில் இல்லாத கொலாஜனா?

இருக்கிறது அண்ணே. ஆனால் சூப்பில் வருவது நீளச் சங்கிலி. பொடியில் அதை முன்கூட்டியே துண்டு துண்டாக வெட்டியிருப்பார்கள். இரண்டையும் குடல் உடைக்கத்தான் செய்யும். வெட்டிய துண்டில் கொஞ்சம் அப்படியே ரத்தத்தில் சேரும். தோலின் ஈரப்பதம் சற்றுக் கூடியதாகச் சில ஆய்வுகள் உண்டு, அவற்றில் நிறைய, தயாரிப்பாளர் காசில் நடந்தவை. முடிக்கு அந்த அளவுகூட ஆதாரமில்லை.

தேக்கா: என் அம்மாவுக்கு 84. முகத்தில் ஒரு கோடு கிடையாது. பொடியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை!

அம்மா வெயிலில் அலைந்தாரா, புகைத்தாரா என்று சொல்லுங்கள், அப்புறம் சூப்புக்குப் பெருமை கொடுப்போம்.

பொங்கோல், பெண், 44: அந்தச் சூப்பின் கொழுப்பை யார் கணக்கு வைப்பது? என் கணவருக்கு யூரிக் அமிலம் அதிகம்.

மூட்டு வீங்கும் ஆள் என்றால் சூப்பை அடிக்கடி வேண்டாம். அடுத்த கேள்வி.

செங்காங், பெண், 50: பயோட்டின் 5000 நல்லதா, 10,000 நல்லதா?

மேலே பாருங்கள்.

உட்லண்ட்ஸ், பெண், 47: நகம் ஏடு ஏடாகப் பிரிகிறது. நெடுக்கு வாக்கில் கோடும் விழுந்திருக்கிறது.

கோடு வயதுக்கு உரியது, விடுங்கள். பிரிவதற்குப் பெரும்பாலும் தண்ணீரும் நகப்பூச்சு எடுக்கும் அசிட்டோனும்தான் காரணம். பாத்திரம் கழுவக் கையுறை போடுங்கள். நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் வளரும், முழு நகம் மாற ஆறு மாதம். இரண்டு வாரத்தில் பலன் என்று எழுதியிருக்கும் புட்டியைக் கடை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். ஒரே நகத்தில் புதிதாகக் கறுப்புப் பட்டை விழுந்தாலோ, நகம் கரண்டிபோலக் குழிந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

அங் மோ கியோ, ஆண், 55: இணையத்தில் வாங்கியது. ‘எச்எஸ்ஏ அங்கீகாரம்’ என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

அதைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். எச்எஸ்ஏ என்பது சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம். இங்கே சத்து மாத்திரையை விற்க அது முன்கூட்டி அனுமதி கொடுப்பதில்லை. பாதுகாப்புக்குப் பொறுப்பு விற்பவர்.

கிளமெண்டி, பெண், 45: இரும்பு மாத்திரையைக் காலைத் தேயோடு விழுங்குகிறேன். ஆறு மாதமாக ஏறவே இல்லை.

தே, கோப்பி இரண்டும் இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரை உண்டென்றால் அதற்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரம்.

பிடோக், பெண், 51: மல்டிவைட்டமின், முடிக்கென்று விற்கும் மெல்லும் மிட்டாய், மீன் ஈரல் எண்ணெய் மூன்றும் எடுக்கிறேன். பிறகும் கொட்டுகிறது.

‘பிறகும்’ இல்லை, அதனாலேயே இருக்கலாம்! வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் மிஞ்சினால் முடியைக் கொட்டவைக்கும். மூன்று லேபிளையும் வைத்துக் கூட்டிப் பாருங்கள். அமெரிக்க வரம்பின்படி செலினியம் ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது.

புக்கிட் பாத்தோக், பெண், 48: வணக்கம், பயோட்டின் எவ்வளவு எடுக்கலாம்?

அம்மா, தயவுசெய்து முதல் பதில். ரத்தம் கொடுக்கும் முன் நிறுத்துவதையும் சேர்த்துப் படியுங்கள்.

தேக்கா: அம்மாவிடம் கேட்டேன். வயலில் நாற்று நட்டவராம், தலையில் எப்போதும் முக்காடாம். புகை கிடையாது.

முக்காடு! அதைத்தான் அண்ணே கேட்டேன். சரி, சூப்புக்கு மிளகு எவ்வளவு போடுவார்?