மாத்திரை டப்பாவைத் தொட்டாலே அவள் நினைப்பு வருகிறது

கேள்வி: எனக்கு 63 வயது. ஒன்பது மாதங்களுக்கு முன் மனைவி தவறிவிட்டாள். அடுத்த நான்காவது மாதம் எனக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மகன் வீட்டில் இருக்கிறேன். முன்பு பிரஷர் மாத்திரையை வேளாவேளைக்கு எடுத்துக் கையில் கொடுப்பது அவள்தான். இப்போது அந்த டப்பாவைத் தொட்டாலே அவள் நினைப்பு வருகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மாத்திரையை விட்டுவிடுகிறேன். சில நேரம் அவள் கூப்பிடுவது போலவே கேட்கிறது. போன வாரம் பேரனோடு விளையாடும்போது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அன்று இரவு முழுக்க மனது உறுத்தியது. எல்லோரும் ‘மனதைத் தேற்றிக்கொள்’ என்கிறார்கள். எப்படி என்று யாரும் சொல்வதில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மற்றதெல்லாம் கொஞ்சம் பொறுக்கும். மாத்திரை விஷயம் பொறுக்காது, அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன். ஸ்டென்ட் என்பது இதய இரத்தக்குழாய் அடைபடாமல் தாங்க உள்ளே வைக்கும் ஓர் உலோக வலை. அதில் இரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத்தான் ஆஸ்பிரினும், கூடவே குளோபிடோகிரெல் போன்ற இன்னொரு மாத்திரையும். மாரடைப்புக்குப் பிறகு பொதுவாக ஓராண்டு வரை இரண்டையும் சேர்த்துக் கொடுப்போம். உங்களுக்கு ஐந்து மாதம்தான் ஆகியிருக்கிறது. நடுவில் விட்டுவிட்டுப் போட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து இன்னொரு மாரடைப்பு வரலாம். நாளைக்கே இதய மருத்துவரிடம் பேசி, இத்தனை நாள் விட்டுப்போனது என்று உள்ளபடி சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை. விட்டதற்கும் சேர்த்து நீங்களாக இரட்டிப்பாகப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மனைவி கைபட்ட டப்பாவைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். அது அலமாரியில் பத்திரமாக இருக்கட்டும். ஏழு நாளுக்கும் தனித்தனி அறை வைத்த மாத்திரைப் பெட்டி கிடைக்கிறது; ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை நீங்களே நிரப்புங்கள். பேரன் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள். முதல் சில வாரம் மகன் ஞாபகப்படுத்தட்டும். நிரப்பும் வேலையை மட்டும் அவரிடம் தள்ளிவிடாதீர்கள். காரணம் இருக்கிறது.

துணையை இழந்தவர்கள் எப்படி மீள்கிறார்கள் என்பதற்கு மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஷுட் என்ற இரு உளவியலாளர்கள் 1999-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். மனம் சில நேரம் இழப்பின் பக்கம் போகும்: அழுகை, நினைவு, பழைய போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவது. சில நேரம் வாழ்க்கையின் பக்கம் வரும்: போனவர் பார்த்துக்கொண்ட வேலைகளைத் தானே பழகுவது, புது வீட்டுக்கு ஒத்துப்போவது, கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்திருப்பது. இப்படி மாறி மாறிப் போய்வருவதுதான் மீள்வது. ஒரே பக்கத்தில் அப்படியே தங்கிவிட்டால்தான் சிக்கல். மனைவி செய்துவந்ததை உங்கள் கையால் செய்யுங்கள் என்று சொல்வது இதனால்தான். முதல் இரண்டு வாரம் பெட்டியை நிரப்பும்போது கண் கலங்கும். கலங்கட்டும்.

பேரனோடு சிரித்ததும் இரவில் உறுத்தியதும் இந்தப் போய்வரவில் அடக்கம். சிரித்ததால் நீங்கள் மனைவிக்கு எந்தக் குறையும் வைத்துவிடவில்லை. மருத்துவராக எனக்கு உங்கள் கடிதத்திலேயே நிம்மதி தந்த வரி அதுதான். துக்கம் அலை மாதிரி வரும், போகும். இடையில் சிரிப்பும் வரும். மனச்சோர்வு நோய் அப்படி இடைவெளி விடாது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் எதிலுமே பிடிப்பில்லை, தான் எதற்கும் லாயக்கில்லை என்றே தோன்றுகிறது என்றால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. மாரடைப்புக்குப் பிறகு பலருக்கு இது வருகிறது. கவனிக்காமல் விட்டால் இதயத்துக்கும் கெடுதல். இதய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பரிசோதித்த செர்ட்ரலின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளோடு சேரும்போது இரத்தக்கசிவு வாய்ப்பு கூடும் என்பதால், மனநல மருத்துவரிடம் உங்கள் மாத்திரைச் சீட்டு முழுவதையும் காட்டுங்கள்.

‘ஒன்பது மாதமாகியும் இன்னுமா?’ என்று யாராவது கேட்டால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேலும் அன்றாட வேலையே ஓடாத அளவுக்குத் துக்கம் அழுத்தினால் அதை நீடித்த துக்கநோய் என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022-ல் அதற்கு ஓராண்டு என்று வரையறுத்தார்கள். அதற்கெனத் தனியான பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு. வெறும் மாதக் கணக்கை வைத்து உங்களுக்கு அந்த நோய் என்று சொல்லிவிட முடியாது.

குரல் கேட்பது பற்றி. 1971-ல் டெவி ரீஸ் என்ற மருத்துவர் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்தார். இறந்தவர் பக்கத்தில் இருப்பது போல உணர்ந்ததாகவோ, குரல் கேட்டதாகவோ, உருவம் தெரிந்ததாகவோ கிட்டத்தட்டப் பாதிப் பேர் சொன்னார்கள். பலர் அதுவரை யாரிடமும் வாய்திறக்கவில்லை. எனவே பயப்பட வேண்டாம். அந்தக் குரல் எதையாவது செய்யச் சொல்லிக் கட்டளையிட்டால் மட்டும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

துக்கத்தில் நெஞ்சு கனப்பதும் உண்டு. ஆனால் ஸ்டென்ட் வைத்த நீங்கள், இது துக்கமா இதயமா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தக் கூடாது. ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் குறையாத வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சு வாங்குவது எதுவானாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அடுத்து, ‘எப்படி’ என்ற உங்கள் கேள்வி. உற்சாகம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அது வரவே வராது. செய்யத் தொடங்கினால் பின்னாலேயே வரும். மாரடைப்பு வந்தவர்களுக்கான உடற்பயிற்சி மறுவாழ்வுத் திட்டம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எவ்வளவு நடக்கலாம் என்பது தெரிவதோடு, இதே நிலையைத் தாண்டி வந்தவர்களோடு பேசவும் முடியும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். மாத்திரையை விடும் நாட்களில் அது நினைவின் பாரத்தால் மட்டும்தானா, இல்லை ‘வந்தால் வரட்டும், அவளிடமே போய்விடலாம்’ என்ற எண்ணமும் உண்டா? துணையை இழந்தவர்களுக்கு இந்த எண்ணம் எட்டிப் பார்ப்பது அரிதல்ல. இருக்கிறது என்றால் எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். இன்று இரவே மகனை உட்கார வைத்துச் சொல்லுங்கள். நாளை இருவருமாக மருத்துவரைப் பாருங்கள்.