சிங்கப்பூரில் மரின் பரேட் பக்கம் கடலோரத்தில் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கலாமா? என்னென்ன பார்க்க வேண்டும்?

தாராளமாக வாங்கலாம். நான் மரின் பரேடில் நெடுநாளாகக் குடியிருப்பவன். இந்த இடத்தை விட்டுப் போகிற எண்ணம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. நீங்கள் பார்ப்பது மரின் பரேட், பிடோக் சவுத் பக்கத்தில் 1970களில் கட்டிய மறுவிற்பனை வீடு. உங்கள் பயம் வெள்ளமும் கடல்மட்டமும். வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பத்தாவது மாடிக்குக் கடல் தண்ணீர் வரப்போவதில்லை, ஆனால் உப்புக் காற்று தினமும் வருகிறது. அதனால் முதலில் இரும்பையும் அலுமினியத்தையும் பாருங்கள்.

தெரிந்தவர் ஒருவரின் மகளுக்கு வீடு பார்க்கக் கூடப் போயிருந்தேன். ஏஜெண்ட் திரைச்சீலையை விலக்கிக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைத் திறந்து, சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் தகட்டுக் கையைப் பார்த்தேன். அதைப் பிடித்து வைத்திருக்கும் ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அலுமினியம் அரித்தால் அப்படித்தான் வரும். விரலால் தேய்த்தால் ஒட்டும். கதவை லேசாகத் தூக்கினால் கடகடவென்று ஆடியது. அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் நடைபாதை.

வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல்களில் அலுமினிய ரிவெட்டை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட் போட வேண்டும் என்பது 2004 முதல் சட்டம். மாற்றாமல் விட்டால் 5,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். பராமரிக்காமல் விட்டு ஜன்னல் கழன்று கீழே விழுந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பொறுப்பு வீட்டுக்காரருக்குத்தான், வீடு கைமாறிய பிறகு அந்த வீட்டுக்காரர் நீங்கள். இழுத்து மூடும் ஜன்னல் என்றால் தண்டவாளத்தில் மண் சேராமல் துடைத்து வைக்க வேண்டும். கதவு வெளியே வழுகிவிடாமல் தடுக்கும் நிறுத்தியும் மேல்பட்டையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வருஷத்துக்கு இரண்டு முறையாவது இதையெல்லாம் சோதிக்கச் சொல்கிறார்கள். வேலையைக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பட்டியலில் உள்ள ஜன்னல் கான்ட்ராக்டரிடம் கொடுங்கள். அக்கம்பக்கத்தில் மலிவாகச் செய்கிறேன் என்று வருகிறவரிடம் வேண்டாம்.

இதோடு சேர்த்து இன்னொன்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து திடீர்ப் புயற்காற்று அடிக்கலாம். எந்தச் சத்தமும் இல்லாமல் இருந்துவிட்டு, கால் மணி நேரத்தில் கதவு ஜன்னல் எல்லாம் அறைந்துகொள்ளும். கடல் காற்று நன்றாக இருக்கிறது என்று வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலை இரவு முழுக்க அகலத் திறந்து வைத்துத் தூங்காதீர்கள்.

அடுத்து மேல்கூரை. எங்கள் வயசு புளோக்குகளில் சமையலறை, குளியலறை மேல்தளத்தில் கான்கிரீட் பெயர்ந்து உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிவது சாதாரணம். கான்கிரீட்டில் இருக்கும் காரத்தன்மைதான் கம்பியைக் காப்பாற்றுகிறது. காற்றில் இருக்கும் கரியமில வாயு வருஷக் கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். அப்புறம் ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் மேலே இருக்கும் கான்கிரீட்டை நெட்டித் தள்ளும். உப்பும் சேர்ந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். பெயின்ட் உப்பியிருப்பது, பழுப்புக் கறை, மயிரிழை விரிசல், இவைதான் அடையாளம். துடைப்பக் கட்டையால் தட்டிப் பாருங்கள், உள்ளே பொள்ளல் சத்தம் கேட்டால் சந்தேகப்படலாம்.

புதிதாகப் பெயின்ட் அடித்த, பொய்க்கூரை போட்ட சமையலறையைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். விளக்கு பொருத்திய ஓட்டை வழியாகவாவது உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கக் கேளுங்கள். மறைக்க எதுவும் இல்லாதவர் மறுக்க மாட்டார். புளோக்கில் இல்ல மேம்பாட்டுத் திட்டம் முடிந்துவிட்டதா என்றும் விசாரியுங்கள். அந்தத் திட்டத்தில் கான்கிரீட் பெயர்வதைச் சரிசெய்வது, கழிவுநீர்க் குழாய் மாற்றுவது, மின்சுமையைக் கூட்டுவது எல்லாம் கட்டாய வேலைகளில் சேரும். குடிமக்கள் வீடுகளுக்கு அந்தச் செலவை அரசாங்கமே ஏற்கிறது. முடிந்த புளோக் என்றால் உங்களுக்கு ஒரு தலைவலி குறைவு.

மேல்மாடியிலிருந்து ஒழுகினால்? மேல் வீட்டுக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டும் என்பதுதான் விதி. வீவகவின் உதவித் திட்டத்துக்குத் தகுதி பெற்றால் செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதியை இரண்டு வீடும் ஆளுக்கு 25 விழுக்காடாகப் பகிர்ந்துகொள்ளும். அதனால் வீடு பார்க்கப் போகும்போதே மேல்மாடி ஆண்ட்டியிடம் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வருவது நல்லது. பின்னால் அவர் வீட்டுக் குளியலறையைத் தோண்டச் சொல்லிக் கேட்க வேண்டிய நாள் வரலாம்.

ஏர்கான் பற்றிச் சுருக்கமாக. வெளியே தொங்கும் கம்ப்ரசரின் தகடுகள் கடல் பார்த்த பக்கத்தில் சீக்கிரம் அரித்துப் பொடிந்துவிடும். அரிப்பைத் தாங்கும் பூச்சு உள்ள மாடல் கேட்டு வாங்குங்கள். சர்வீஸுக்கு வருபவரை வெளிப்பெட்டியையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் பலர் உள்பெட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தாங்கும் சட்டம் துருப்பிடிக்காத எஃகுதானா என்று நிச்சயம் பாருங்கள். பழைய சட்டத்திலேயே புதுப் பெட்டியை வைத்துவிட்டுப் போன ஒரு நிறுவனத்தைத் திரும்ப வரவழைத்து மாற்ற வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வாசல் இரும்புக் கதவு, துணிக் கம்பு செருகும் குழாய், சைக்கிள் சங்கிலி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

சரி, இப்போது கடலுக்கு வருகிறேன். நீங்கள் வாங்கப்போகும் மரின் பரேட் வீடு நிற்கும் இடமே ஒரு காலத்தில் கடல். 1966இல் தொடங்கிய கிழக்குக் கரை (ஈஸ்ட் கோஸ்ட்) நிலமீட்பில், சிக்லாப், பிடோக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கன்வேயர் பட்டையில் ஓடவிட்டுக் கடலில் கொட்டினார்கள். அதற்கு முன்னால் ஈஸ்ட் கோஸ்ட் ரோடு பங்களாக்களில் பின்வாசல் படி இறங்கினால் அலைதான்.

கிட்டத்தட்ட 30 விழுக்காட்டு சிங்கப்பூர், சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு, இந்த நூற்றாண்டின் முடிவில் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்கிறது. அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. 2011இலேயே புதிய மீட்புநிலங்களின் குறைந்தபட்ச உயரத்தை 3 மீட்டரிலிருந்து 4 மீட்டராக உயர்த்தினார்கள். சாங்கி பக்கம் நிக்கல் டிரைவ் சாலையையே தூக்கிக் கட்டினார்கள். 2020 முதல் கரையோரப் பாதுகாப்புப் பொறுப்பு பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் இருக்கிறது.

நடைமுறையில் நமக்குத் தொல்லை தருவது கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வருவதுதான். கடல் உயரமாக நிற்கும்போது வாய்க்கால் தண்ணீர் வடிய வழியில்லாமல் சாலையில் தேங்கும். 2025 ஜனவரி 10, 11இல் சாங்கியில் பெய்த மழை, ஜனவரி மாதம் முழுக்கப் பெய்ய வேண்டிய சராசரியையே தாண்டியது. மாடி வீட்டுக்காரருக்கு இதில் நஷ்டம் பெரும்பாலும் கார், மோட்டார்சைக்கிளில்தான். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வெள்ள எச்சரிக்கை டெலிகிராமில் வருகிறது, சேர்ந்துகொள்ளுங்கள். வீட்டுக்குள் வரும் நஷ்டத்துக்கு வீவக கடனோடு வரும் தீக்காப்புறுதி உதவாது. அது கட்டடத்துக்கும் வீவக பொருத்திக் கொடுத்தவற்றுக்கும் மட்டும். சோபா, அலமாரி, நீங்கள் போட்ட தரை எல்லாவற்றுக்கும் தனியாக வீட்டுக் காப்புறுதி எடுக்க வேண்டும்.

கடல் தெரிகிறது என்பதற்காகக் கூடுதல் விலை கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள். 2023 நவம்பரில் அறிவித்த 'லாங் ஐலண்ட்' திட்டப்படி, ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு எதிரே சுமார் 800 ஹெக்டர் நிலத்தை மீட்கப்போகிறார்கள். அது மரினா பேயைப் போல இரண்டு மடங்கு. கரைக்கும் அந்தத் தீவுகளுக்கும் நடுவில் ஒரு நீர்த்தேக்கம் வரும். கரை நெடுகச் சுவர் எழுப்பினால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவும் கடலும் பிரிந்துவிடும், அதற்கு இது மேல் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ஆய்வே பல வருஷம், கட்டி முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆனால் இன்று நீங்கள் காசு கொடுத்து வாங்கும் கப்பல் வரிசைக் காட்சி, உங்கள் பிள்ளைகள் காலத்தில் ஏரிக் காட்சியாகிவிடலாம். 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங்கில் கப்பல் மோதி எண்ணெய் கசிந்தபோது ஈஸ்ட் கோஸ்ட் மணலெல்லாம் கறுத்து, வாரக்கணக்கில் சுத்தம் செய்தார்கள். கடலோரம் என்றால் அதுவும் சேர்ந்ததுதான்.

கடல்மட்டத்தைவிட உங்களை முதலில் இடிக்கப்போவது குத்தகைக் காலம். 99 ஆண்டுக் குத்தகை 1970களின் நடுவில் தொடங்கியது என்றால் மிச்சம் 50 ஆண்டுக்குள்தான். 2019 மே முதல், வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயதாகும் வரை குத்தகை நீடித்தால்தான் மத்திய சேமநிதியில் (சிபிஎஃப்) உள்ள பணத்தை வீட்டுக்கு முழுமையாகப் பயன்படுத்தலாம். 30 வயதுக்காரர், 48 ஆண்டு மிச்சமுள்ள வீடு என்றால் 78 வயதோடு முடிகிறது, அப்போது சேமநிதியும் வீவக கடனும் விகிதப்படி குறையும். கையிலிருந்து போட வேண்டிய ரொக்கம் எவ்வளவு என்பதை முதலில் கணக்குப் போட்டுவிட்டு, அப்புறம் ஜன்னலைத் திறந்து கடலைப் பாருங்கள். 70 ஆண்டுக்கு மேற்பட்ட புளோக்குகளுக்கு வெர்ஸ் திட்டம் (குடியிருப்பவர்கள் சம்மதித்தால் குத்தகை முடியும் முன்பே அரசாங்கம் வீடுகளைத் திரும்ப வாங்கிக்கொள்வது) வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் புளோக்குக்கு வரும் என்று நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

ரயிலைப் பொறுத்தவரை கவலை இல்லை. 2024 ஜூன் 23இல் மரின் பரேட், மரின் டெரஸ், சிக்லாப், பேஷோர் நிலையங்கள் திறந்துவிட்டன. அதற்கு முன் பல வருஷம் தகரத் தடுப்பும் தூசியுமாக நாங்கள் பட்டதை நீங்கள் படவேண்டாம். பேஷோரில் புது வீடுகள் எழும்புகின்றன, அந்தப் பக்கம் இனி கொஞ்ச காலம் லாரிச் சத்தம் இருக்கும்.

வீட்டை இரண்டு தடவை பாருங்கள். ஒன்று, இரவு பத்து மணிக்கு மேல் ஜன்னலைத் திறந்து வைத்து: ஈசிபி விரைவுச்சாலையின் இரைச்சல் பகலில் கடல் சத்தம் போலத் தோன்றும், இரவில்தான் அது லாரி என்று தெரியும். இன்னொன்று, நல்ல மழையில்: ஜன்னல் விளிம்பிலும் படுக்கையறைச் சுவர் மூலையிலும் கையை வைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினாலோ, ரிவெட் மாற்றிய ரசீது விற்பவரிடம் இல்லாவிட்டாலோ, அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.