முறுக்கியும் நிற்காத சீட்

கேள்வி: ஐயா, அப்பா ஓட்டிய 22 அங்குல சைக்கிளுக்குப் புது சீட் வாங்கி நானே மாட்டினேன். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை. புளியரை தாண்டி ஆரியங்காவுக்கு மலை ஏற ஆரம்பித்தால் சீட்டின் மூக்கு மெல்ல மேலே தூக்கிக்கொள்கிறது. நட்டை இறுக்கி இறுக்கிக் கை வலித்ததுதான் மிச்சம். சீட்டே கோளாறா?
- செங்கோட்டை வாசகர்

பதில்: சீட்டைக் குறை சொல்லாதீர்கள், கோளாறு பெரும்பாலும் அடியில் சீட்டைக் கவ்விப் பிடித்திருக்கும் கிளாம்பில்தான். ஏற்றத்தில் ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் தள்ளி உட்காருவோம் இல்லையா, அப்போது கனம் முழுவதும் சீட்டின் பின்பாதியில் இறங்குகிறது. கிளாம்பு தாங்கவில்லை என்றால் பின்பக்கம் அமுங்கி மூக்கு எழும்பிவிடும்.

கிளாம்பைக் கழற்றிப் பாருங்கள். குறுக்கே ஒரே போல்ட், இரண்டு பக்கமும் நட்டு. உள்ளே வட்டத் தகடுகளில் சுற்றிலும் ரம்பம் போலப் பல் வெட்டியிருக்கும். சீட்டின் சாய்வைப் பிடித்து வைப்பது அந்தப் பற்கள்தான், அவற்றை அழுத்தி வைப்பது மட்டும்தான் நட்டின் வேலை. பல் மேல் பல் ஏறி நிற்கும்போதே முறுக்கிவிட்டால் இறுகிவிட்ட மாதிரி கைக்குத் தோன்றும். சாலையில் முதல் பள்ளம் வந்ததும் சரக்கென்று ஒரு பல் இறங்கும், அத்தோடு இறுக்கமும் போய்விடும். அப்படியே நாலு நாள் ஓட்டினால் பல்லின் நுனி மழுங்கிப் பளபளவென்று ஆகிவிடும். நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் கிளாம்பை மாற்றத்தான் வேண்டும். கிளாம்பு தனியாகவே கிடைக்கும், சீட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

பல் நன்றாக இருந்தால், பழைய டூத் பிரஷ்ஷால் மண்ணையும் துருவையும் தேய்த்து எடுங்கள். பல்லில் கிரீஸ் தடவாதீர்கள், போல்ட்டின் மரையில் ஒரு சொட்டு எண்ணெய் போதும். கிளாம்பு பில்லரில், அதாவது சீட்டைத் தாங்கும் குழாயில், முழுதாக இறங்க வேண்டும், பாதியில் நின்றால் பிடி கிடைக்காது. போல்ட் பில்லருக்குப் பின்பக்கம் வருவதுதான் வழக்கம். ஹேண்டில்பாருக்குக் கை எட்டாதவர்கள் கிளாம்பைத் திருப்பிப் போட்டால் சீட் கொஞ்சம் முன்னால் வரும். இரண்டு நட்டையும் விரலால் ஓட்டிவிட்டு, சீட்டை மட்டமாகப் பிடித்து லேசாக மேலும் கீழும் ஆட்டுங்கள், பற்கள் டக்கென்று உட்காருவது கைக்கே தெரியும். அப்புறம்தான் ஸ்பேனர். இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று மாறி மாறி இறுக்குங்கள். ஒரே பக்கம் முறுக்கினால் போல்ட் அங்கே நீண்டு, எதிர்ப்பக்க நட்டுக்கு மரை போதாமல் போய்விடும்.

அளவையும் பார்த்துவிடுங்கள். இந்தப் பழைய வகை பில்லரின் மேல்முனை வழக்கமாக 7/8 அங்குலம், அதாவது 22.2 மில்லிமீட்டர். எனக்கு ஒருமுறை கடையில் பெரிய கிளாம்பைக் கொடுத்துவிட்டார்கள், புளியரை வளைவில் சீட் பக்கவாட்டில் திரும்பியபோதுதான் தெரிந்தது, பின்னாலேயே ஒரு லாரி. இறுக்கிய பிறகு பில்லரைச் சுற்றிய பட்டையின் இரண்டு நுனிகளுக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். நுனிகள் முட்டிக்கொண்டும் சீட் ஆடினால் அது உங்கள் பில்லருக்கான கிளாம்பு இல்லை. தகரம் மடித்துச் செருகி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: மகள் வளர்ந்துவிட்டாள், சைக்கிள் சீட்டை எவ்வளவு உயரம் தூக்கலாம்?
- ஆரியங்காவு வாசகி

பதில்: பில்லரில் ஒரு கோடு இருக்கும், அது ஃபிரேமுக்கு வெளியே தெரியக் கூடாது. கோடு இல்லாத பில்லரானால் குறைந்தது இரண்டரை அங்குலமாவது உள்ளே இருக்கட்டும். அதற்கும் மேல் தூக்கினால் பில்லர் வளையும், ஃபிரேம் விரியும், பிள்ளை விழுவாள். சீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் அவளுக்கான உயரம். அதற்குப் பில்லர் எட்டவில்லை என்றால் அதே பருமனில் நீளமானதாக வாங்கிப் போடுங்கள்.

உங்கள் பக்கம் சாரல் அதிகம். சாரலுக்கு முன்னால் ஒருமுறை பில்லரை உருவி, துடைத்து, மெலிசாகக் கிரீஸ் தடவிப் போடுங்கள். ஏற்கெனவே துருப்பிடித்து வர மறுத்தால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். சுற்றிலும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில் சீட்டைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பி இழுங்கள்.