பையில் அடங்கும் கணினி: வாசகர் கேள்விகள்

கேள்வி: வேலை காரணமாக மாதத்தில் பாதி நாள் ரயிலிலும் விடுதியிலும் கழிகிறது. மின்னஞ்சல் பார்க்க வேண்டும், அறிக்கை எழுத வேண்டும், கொஞ்சம் எக்செல் கணக்கு, இரவில் ஒரு படம். இவ்வளவுதான் என் தேவை. விலை குறைந்த சின்ன மடிக்கணினி ஒன்றைக் காட்டி, "4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, உங்களுக்கு இதுவே அதிகம்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் தேவை சிறியது என்பது உண்மைதான். ஆனால் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு என்பது விண்டோஸ் 11-ஐ நிறுவுவதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. இயங்குதளம் குடியேற அது போதும். அதன் பிறகு நீங்கள் வேலை செய்ய எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி. உலாவியில் ஐந்தாறு பக்கங்களும் ஒரு எக்செல் கோப்பும் திறந்திருந்தாலே ரேம் என்ற தற்காலிக நினைவகத்தின் 4 ஜிபியும் நிரம்பிவிடும். நிரம்பியதும் கணினி, ரேமில் இடமில்லாததைச் சேமிப்பகத்தில் கொண்டுபோய் வைத்து, தேவைப்படும்போதெல்லாம் திரும்ப எடுத்துவரத் தொடங்கும். இந்த விலைக் கணினிகளில் சேமிப்பகம் பெரும்பாலும் இஎம்எம்சி வகையாக இருக்கும். எஸ்எஸ்டி என்ற இன்றைய வேகமான சேமிப்பகத்தோடு ஒப்பிட்டால் அது மிக மெதுவானது. ரேம் குறைவு என்ற ஒரு குறை, சேமிப்பகம் மெதுவானது என்ற இன்னொரு குறையின் மேல் பாரத்தை ஏற்றுகிறது. ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அது திரையில் வருவதற்குக் காத்திருக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. 64 ஜிபியிலும் பெரும்பங்கை விண்டோஸே எடுத்துக்கொள்வதால், பெரிய புதுப்பிப்பு வரும்போது அதை இறக்க இடம் இல்லாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

விலை குறைந்த கணினி வாங்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: வாங்கிய பிறகு எதையெல்லாம் மாற்றவே முடியாது? சின்ன, மெல்லிய கணினிகளில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். இஎம்எம்சியும் அப்படியே. திரையையும் விசைப்பலகையையும் மாற்றுவது கட்டுப்படியாகாது. சார்ஜ் ஏற்றும் துளை எந்த வகை என்பதும் வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. எனவே பணத்தை இவற்றில் போடுங்கள். 8 ஜிபி ரேம் கட்டாயம். சேமிப்பு 128 ஜிபிக்குக் குறையாத எஸ்எஸ்டியாக இருக்கட்டும், 256 கிடைத்தால் இன்னும் நல்லது. தொடுதிரை, உலோக உடல், கைரேகை உணரி ஆகியவற்றை விட்டுக்கொடுத்தால் இந்தச் செலவைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடலாம்.

பிராசசரில் பெரிய வேகம் தேவையில்லை. ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2023-இல் வந்த இன்டெல் என்100 நான்கு கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்) கொண்டது, 6 வாட் அளவிலான சிக்கனமான சில்லு. நீங்கள் சொல்லும் வேலைகளுக்கு அது தாராளம். அதே அலமாரியில் 2019-இல் வந்த செலரான் என்4020 பொருத்திய கணினியும் புதிது என்று விற்பனைக்கு நிற்கலாம். அதில் இருப்பது இரண்டே கோர்கள். இரண்டின் மேலும் இன்டெல் என்ற ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கும். மடிக்கணினிகளில் செலரான், பென்டியம் என்ற பெயர்களை 2023 முதல் கைவிட்டு, வெறும் "இன்டெல் பிராசசர்" என்றே அந்த நிறுவனம் குறிப்பிடுகிறது. ஆகவே முழு மாடல் எண்ணைக் கேட்டு, அது எந்த ஆண்டு வந்தது என்று தேடிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: 11 அங்குலமா, 14 அங்குலமா? சிறியதாக இருக்க வேண்டும் என்றுதான் தேடுகிறேன். ஆனால் நாவல் எழுதுகிறேன், நிறையத் தட்டச்சு செய்ய வேண்டும்.

பதில்: நிறைய எழுதுபவர் விசைப்பலகையிலிருந்து தொடங்க வேண்டும். முழு அளவு விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் இருக்கும். 11.6 அங்குலக் கணினிகள் சிலவற்றில் இந்த அளவு அப்படியே கிடைக்கிறது. வேறு சிலவற்றில் எழுத்து விசைகள் சரியாக இருந்தாலும் ஷிஃப்ட், என்டர், அம்புக்குறி விசைகளைச் சுருக்கிவிடுகிறார்கள். அட்டவணையைப் படித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கடையில் நின்று ஒரு முழுப் பத்தியைத் தட்டிப் பாருங்கள்.

மலிவான குட்டிக் கணினி என்ற எண்ணம் பரவலானது 2007-இல் ஏசஸ் வெளியிட்ட ஈ பிசி 701 வந்தபோது. 7 அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. மக்கள் ஆசையோடு வாங்கினார்கள். ஆனால் திரையின் உயரம் 480 புள்ளிகள்தான் என்பதால், பல உரையாடல் பெட்டிகளின் அடியில் இருக்கும் "சரி" பொத்தானே திரைக்கு வெளியே போய்விட்டது. விசைகளும் விரலுக்கு நெருக்கடி. அளவைக் குறைத்துக்கொண்டே போனால் ஓர் எல்லைக்குப் பிறகு அந்தக் கருவியில் வேலை செய்ய முடியாது என்பதை அந்தத் தலைமுறைக் கணினிகள் காட்டிவிட்டன. உங்களுக்கு என் பரிந்துரை 12 அல்லது 13 அங்குலம், 1.3 கிலோவுக்குள். எடை பார்க்கும்போது சார்ஜரையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள், பழைய பாணி சார்ஜர் கால் கிலோவுக்கு மேல் இருப்பதுண்டு.

திரையில் ஐபிஎஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள். டிஎன் வகைத் திரை சற்றுச் சாய்ந்தாலே வெளிறிப்போகும், ரயில் இருக்கையில் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கும் வசதி எப்போதும் கிடைக்காது. பிரகாசம் 300 நிட்ஸ் இருந்தால் ஜன்னலோரத்திலும் படிக்கலாம்.

கேள்வி: பெட்டியில் 12 மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். எனக்கு ஆறு மணி நேரம்கூட வருவதில்லை. பேட்டரி பழுதா?

பதில்: அநேகமாகப் பழுதில்லை. பெட்டியில் உள்ள எண், பெரும்பாலும் திரையை மங்கலாக வைத்து ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு எடுத்தது. நம்ப வேண்டிய எண் வாட்-மணி, அதாவது பேட்டரியில் அடங்கும் மின்ஆற்றலின் அளவு. அதைக் கணினி செலவிடும் வாட்டால் வகுத்தால் உண்மையான நேரம் வரும். 38 வாட்-மணி பேட்டரி கொண்ட கணினி எழுதும் வேலைக்கு 6 வாட் எடுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அதையே வெளிச்சத்தைக் கூட்டிவைத்து வீடியோ அழைப்பில் உட்காரவைத்து 10 வாட்டுக்கு ஏற்றினால் நாலு மணி நேரத்துக்குள் அணைந்துவிடும். 12 மணி நேரம் என்றால் அந்தப் பேட்டரியை 3 வாட்டில் ஓட்ட வேண்டும், உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அது நடக்காத காரியம்.

பேட்டரியின் ஆயுளை அதிகம் தின்பது சூடு. வெயிலில் நிறுத்திய காரில் கணினியை விட்டுச் செல்லாதீர்கள். மின்இணைப்பிலேயே வைத்துப் பயன்படுத்தும் நாட்களில், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி அமைப்புகளில் இருந்தால் அதை இயக்கிவையுங்கள்.

கேள்வி: குரோம்புக் தள்ளுபடியில் மிகவும் மலிவாகக் கிடைக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: குரோம்புக் என்பது விண்டோஸில் அல்லாமல் கூகுளின் குரோம்ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினி. உங்கள் வேலை முழுவதும் உலாவிக்குள் நடக்கிறது என்றால் நல்ல தேர்வு. 4 ஜிபி ரேமில் விண்டோஸ் தடுமாறும் இடத்தில் குரோம்புக் ஓரளவு ஓடும், தரவும் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். ஆனால் தள்ளுபடிக்கு ஒரு காரணம் இருக்கலாம். ஒவ்வொரு குரோம்புக்குக்கும் தானியங்கிப் புதுப்பிப்பு முடியும் தேதி ஒன்று உண்டு. 2021 முதல் வந்த தளங்களுக்குப் பத்து ஆண்டு புதுப்பிப்பு என்று கூகுள் 2023-இல் அறிவித்தது. அந்தப் பத்து ஆண்டு, அந்த வன்பொருள் தளம் வெளிவந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. மாடல் பெயரைக் கொண்டு அந்தத் தேதியைக் கூகுளின் பட்டியலில் முதலில் பாருங்கள். மூன்று ஆண்டுக்கும் குறைவாக மிச்சமிருந்தால் எந்தத் தள்ளுபடியும் லாபமில்லை.

இணையம் இல்லாத இடத்திலும் கோப்புகளைத் திருத்த, ஆஃப்லைன் வசதியைக் கிளம்பும் முன்பே இயக்கி வைக்க வேண்டும். வழியில் நினைவு வந்தால் பயனில்லை.

கேள்வி: "எஸ் மோட்" என்று ஒரு விண்டோஸ் கணினியில் எழுதியிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த நிலையில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள செயலிகளை மட்டுமே நிறுவ முடியும். கட்டணமின்றி அதிலிருந்து வெளியேறலாம். வெளியேறினால் மறுபடி உள்ளே போக வழியில்லை.

கேள்வி: புதிய மலிவுக் கணினியா, நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த பழைய கணினியா? ஒரே விலைக்கு இரண்டும் கிடைக்கின்றன.

பதில்: சரிபார்த்து வாங்கும் பொறுமை இருந்தால் பழையதை எடுங்கள் என்றே சொல்வேன். லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ், டெல்லின் லாட்டிடியூட் 7000, எச்பியின் எலைட்புக் 800 போன்ற வரிசைகள் அலுவலகப் பயணிகளுக்காகவே செய்யப்பட்டவை. அந்த விசைப்பலகையும் உறுதியும் அதே விலையில் புதிதாக எங்கும் கிடைக்காது.

முதலில் வயது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குப் பொதுவாக இன்டெல் கோர் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஐ5-8250யு என்பதில் கோட்டுக்குப் பின் வரும் 8 தான் தலைமுறை. ஆறு, ஏழு என்று இருந்தால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளத் தயார் என்றால் மட்டும் வாங்குங்கள். எழுத்து வேலைக்கு அது நன்றாகவே உழைக்கும்.

அடுத்தது பூட்டு. முந்தைய நிறுவனத்தின் நிர்வாகப் பூட்டு நீங்காமல் விற்பனைக்கு வரும் கணினிகள் உண்டு. விற்பவர் முன்னிலையிலேயே முழு ரீசெட் செய்து, இணையத்தில் இணைத்துப் பாருங்கள். ஏதாவது நிறுவனத்தின் பெயரோடு உள்நுழையச் சொன்னால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் போய் கடவுச்சொல் கேட்கிறதா என்றும் பாருங்கள்.

பேட்டரியும் முக்கியம். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளை உள்ளது. அதில் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் அருகருகே வரும். பாதிக்குக் கீழ் இறங்கியிருந்தால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள்.

கேள்வி: விமானத்தில் பவர் பேங்க் கொண்டு போகலாமா? செல்பேசிக்கு வைத்திருக்கும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் மடிக்கணினிக்கு உதவுமா?

பதில்: கொண்டு போகலாம், கைப்பையில் மட்டும். சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். எம்ஏஎச்-ஐ 1000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள். உங்களுடையது 74 வாட்-மணி, வரம்புக்குள்தான். எண் அழிந்துபோயிருந்தால் சோதனையில் பிடுங்கிவிடலாம் என்பதால் அச்சு தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்துவதைச் சில நிறுவனங்கள் தடை செய்திருக்கின்றன, அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மடிக்கணினிக்கு உதவுமா என்பது கொள்ளளவைப் பொறுத்ததல்ல. யுஎஸ்பி பவர் டெலிவரி முறையில் 45 வாட் போலக் கொடுக்கும் வெளியீடு அதில் இருக்க வேண்டும். செல்பேசிக்கான 10, 18 வாட் பவர் பேங்க்கைப் பல மடிக்கணினிகள் ஏற்பதே இல்லை. கணினியின் யுஎஸ்பி-சி துளையும் சார்ஜ் ஏற்கும் துளையாக இருக்க வேண்டும், தரவுக்கு மட்டும் என்று வைத்திருக்கும் மலிவுக் கணினிகள் உண்டு. புதிதாக வாங்குபவர்கள் யுஎஸ்பி-சி வழியே சார்ஜ் ஏறும் கணினியையே வாங்குங்கள். ஒரே சார்ஜர் செல்பேசிக்கும் கணினிக்கும் போதும், தொலைந்தாலும் எந்த ஊரிலும் இன்னொன்று வாங்கலாம். சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் வெளிநாட்டுக்கு மின்மாற்றி வேண்டாம், செருகியின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் போதும்.

கேள்வி: சேமிப்பு போதவில்லை. மெமரி கார்டு போட்டுச் சமாளிக்கலாமா?

பதில்: படங்களுக்கும் பாட்டுக்கும் சமாளிக்கலாம். செயலிகளை அதில் நிறுவாதீர்கள், மெதுவாகத் திறக்கும். அந்தக் கார்டுகள் முன்னறிவிப்பின்றிச் செயலிழக்கும் என்பதால் உங்கள் புகைப்படங்களின் ஒரே பிரதியை அதில் வைக்கவே கூடாது.

கேள்வி: மகள் முதன்முறையாகத் தனியாக நீண்ட பயணம் போகிறாள். கணினி திருடு போனால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

பதில்: கருவி போனால் இன்னொன்று வாங்கிவிடலாம். உள்ளே இருப்பதைக் காப்பாற்ற, கிளம்பும் முன் ஒரு மாலை நேரத்தை அவளோடு உட்கார்ந்து ஒதுக்குங்கள். அமைப்புகளில் குறியாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்த பல கணினிகளில் அது தானாகவே இயங்கும், மீட்புச் சாவியும் அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். அந்தச் சாவியை இன்னொரு கருவியிலிருந்து திறந்து பார்க்க முடிகிறதா என்று சோதியுங்கள். கோப்புகள் இணையச் சேமிப்பிலோ வீட்டில் உள்ள டிஸ்க்கிலோ இன்னொரு பிரதியாக இருக்கட்டும்.

பலர் யோசிக்காத ஆபத்து வேறு. கணினியும் செல்பேசியும் ஒரே பையில் சேர்ந்து போனால், இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக் குறியீடு வரும் செல்பேசி கையில் இல்லை, எனவே மின்னஞ்சலுக்குள்ளேயே நுழைய முடியாது. கூகுளும் மைக்ரோசாஃப்டும் இதற்கென்றே மீட்புக் குறியீடுகளைத் தருகின்றன. அவற்றைத் தாளில் எழுதி ஒரு பிரதியை அவளுடைய துணிப்பையில் வையுங்கள், இன்னொன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பொது வைஃபையைக் கண்டு அளவுக்கு மீறி அஞ்ச வேண்டாம், இன்று பெரும்பாலான தளங்கள் குறியாக்கத்தோடுதான் பேசுகின்றன. ஆனால் உலாவி சான்றிதழ் எச்சரிக்கை காட்டினால் "தொடர்க" என்று அழுத்தக் கூடாது. வங்கி வேலைக்குச் செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டையே பயன்படுத்தட்டும். அந்த இணைப்பை "மீட்டர்டு" (அளவுக்கு உட்பட்டது) என்று அமைப்புகளில் குறித்துவைத்தால், விண்டோஸ் புதுப்பிப்பு பெரும்பாலும் அவளுடைய டேட்டாவைத் தின்னாது.