உண்மை என் பக்கம் இருந்தும் தோழியை இழந்தது ஏன்?

கேள்வி: தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகிய நோய்களுக்கு எதிரான எம்.எம்.ஆர். தடுப்பூசி குழந்தைகளுக்கு ஆட்டிசத்தை உண்டாக்கும் என்று என் இருபது ஆண்டுத் தோழி ஃபேஸ்புக்கில் எழுதியிருந்தார். அது தவறு என்று அந்தப் பதிவின் கீழேயே ஆதாரத்துடன் பதில் எழுதினேன். இரண்டே நாட்களில் வாதம் பதினொரு சுற்று வளர்ந்தது, யார் யாரோ நுழைந்தார்கள், கடைசியில் அவர் என்னை நட்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். உண்மையைச் சொன்னது குற்றமா? இனி இப்படிப்பட்ட பதிவுகளைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு கடந்துபோக வேண்டுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புச் சகோதரி,

நீங்கள் சொன்ன செய்தி சரியானது. இந்த அச்சம் பரவக் காரணமாக இருந்தது, ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு குழுவினர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதி, 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை. அதை அந்த இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 6,50,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வும், தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்றே கண்டது. இவற்றை உங்கள் முதல் இரண்டு பதில்களிலேயே தெளிவாக எழுதிவிட்டீர்கள். அத்துடன் நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய உரையாடலை இருமுறை படித்தேன். மூன்றாவது பதிலில், "இவ்வளவு படித்த நீயே இப்படிப் பேசலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பேச்சு தடுப்பூசியை விட்டு விலகியது அந்த வரியில்தான். அதற்குப் பிறகு உங்கள் தோழி தடுப்பூசியைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்லவில்லை. உறவினரும் உடன் பணிபுரிவோரும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் தம் மானத்தைக் காத்துக்கொள்ளவே எழுதினார். அவருடைய முதல் பதிவின் முடிவில், "அடுத்த மாதம் என் மகனுக்கு இந்த ஊசி போட வேண்டும்" என்று இருந்ததைக் கவனித்தீர்களா? பயந்துபோன ஒரு தாய் எழுதிய வாக்கியம் அது. பதினொரு சுற்றுகளில், நீங்கள் உட்பட, ஒருவர்கூட அதற்குப் பதில் சொல்லவில்லை.

இதையே எதிரில் அமர்ந்து பேசியிருந்தால், மூன்றாவது பதிலின் அந்த வரி வாயிலிருந்து வருவதற்கு முன்பே அவருடைய முகம் உங்களைத் தடுத்திருக்கும். திரைக்குப் பின்னால் இருக்கும்போது மனிதர்களின் கட்டுப்பாடு தளர்வதைப் பற்றி உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் விரிவாக எழுதினார். முகம் தெரியாமை, உடனுக்குடன் எதிர்வினையைச் சந்திக்க வேண்டியிராமை, எதிரில் இருப்பவரின் குரலை நம் மனமே கற்பனை செய்துகொள்வது ஆகியவை அவர் காட்டிய காரணங்களில் சில. கடைசியாகச் சொன்னதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தோழியின் பதில்களை நீங்கள் ஆணவக் குரலில் படித்திருக்கிறீர்கள். எனக்கு அவை நடுங்கும் குரலில் கேட்டன.

அந்த மூன்றாவது பதிலுக்கு 94 பேர் விருப்பக்குறி இட்டதை, உங்கள் பக்க நியாயத்துக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். உங்களை மேலும் மேலும் எழுதவைத்ததே அந்த எண்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ட்விட்டரில் அரசியல் விவாதங்களுக்குரிய லட்சக்கணக்கான பதிவுகளை ஆராய்ந்து வில்லியம் பிரேடியும் உடனாய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அற உணர்வும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒவ்வொன்றும் ஒரு பதிவு பகிரப்படுவதை ஏறத்தாழ 20 விழுக்காடு கூட்டியது. அந்தப் பகிர்வும் பெரும்பாலும் ஒத்த கருத்துடையவர்களுக்குள்ளேயே நடந்தது. சினத்துக்குக் கைதட்டல் கிடைக்கும் இடத்தில், கைதட்டுபவர்கள் ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவர்கள். யாருடைய மனம் மாற வேண்டும் என்று தொடங்கினோமோ, அவர் ஒவ்வொரு கைதட்டலுக்கும் இன்னும் ஓரடி விலகிப்போகிறார்.

பதினொரு சுற்று என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம் கருத்தை மாற்றிக்காட்டும்படி தாமே கேட்டுக்கொண்டு வருபவர்களுக்கென்று ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் ஒரு பகுதி இருக்கிறது. அங்கு நடந்த விவாதங்களைக் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். மாறத் தயார் என்று அறிவித்துவிட்டு வந்தவர்களிடம்கூட, ஒரே ஆளுடன் நான்கைந்து சுற்றுகளைத் தாண்டிய பிறகு மனமாற்றம் ஏறத்தாழ நடக்கவே இல்லை. எதிராளி பயன்படுத்திய சொற்களையே திருப்பிச் சொல்லாமல், அவர் எண்ணிப் பார்த்திராத கோணத்திலிருந்து பேசியவர்களே கூடுதலாக வென்றார்கள். ஆகவே ஒரு பதிவின் கீழே இரண்டு பதில்களுக்கு மேல் எழுதுவதில்லை என்று நீங்கள் முடிவுசெய்துகொள்வது நல்லது.

அதற்காக வாயை மூடிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். பொய்ச் செய்தியின் கீழே தெளிவான திருத்தம் ஒன்று இருந்தால், அதைப் பேசாமல் படித்துக்கொண்டிருப்பவர்களின் தவறான எண்ணம் குறைகிறது என்பதை லெட்டிசியா போடி, எமிலி வ்ராகா ஆகியோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்கள் முதல் இரண்டு பதில்களும் அந்த வேலையைச் செய்திருக்கும். திருத்தத்தை ஒருமுறை, ஆதாரத்துடன், ஆளைத் தொடாமல் எழுதுங்கள். பதிவிட்டவர் உங்களுக்கு வேண்டியவர் என்றால், பொதுவில் எழுதுவதற்கு முன் அவரிடம் தனியாகப் பேசிவிடுங்கள்.

இடையில் நுழைந்த ஒருவர், "அப்படியானால் எல்லா மருந்தும் நல்லதா, நிரூபியுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாரே, அவருக்கு நீங்கள் ஐந்து முறை பதில் எழுதியிருக்கிறீர்கள். பண்டைய இந்தியத் தர்க்க மரபான நியாயத்தைச் சேர்ந்தவர்கள் உண்மையைத் தேடுவதை வாதம் என்றும், வெற்றியை மட்டும் தேடுவதை ஜல்பம் என்றும், தனக்கென்று ஒரு நிலை இல்லாமல் எதிராளியை மறுத்துக்கொண்டே இருப்பதை விதண்டை என்றும் பிரித்தார்கள். அவர் செய்தது விதண்டை. தமக்கென்று ஒரு நிலையே இல்லாதவரை எந்த ஆதாரத்தாலும் நகர்த்த முடியாது. அந்த ஐந்து பதில்களுக்கான நேரம் உங்கள் தோழிக்குச் சேர வேண்டியது.

உங்கள் மூன்றாவது பதில் இன்னும் அங்கே இருந்து, நீக்க வழியிருந்தால் நீக்கிவிடுங்கள். பிறகு தோழியைத் தொலைபேசியில் அழையுங்கள். குறுஞ்செய்தி வேண்டாம், அவர் உங்கள் குரலைக் கேட்க வேண்டும். தடுப்பூசியைப் பற்றிச் சொன்னதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டியதில்லை, தெரிவித்தால் அது பொய்யாகவும் இருக்கும். பலர் முன்னிலையில் அவருடைய படிப்பை இழுத்துப் பேசியதற்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். அவர் கோபத்தைக் கொட்டினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பிறகு மகனுக்கு ஊசி போடுவதில் அவருக்கு என்ன பயம் என்று கேட்டு, அவர் விரும்பினால் குழந்தை மருத்துவரைப் பார்க்கப் போகும் அன்று நீங்களும் துணைக்கு வருவதாகச் சொல்லுங்கள்.